கண்ணாடி போட்டால் தெரிகிறது, அப்புறம் வி.ஏ. கண் பரிசோதனைக்குப் போய் என்ன பயன்?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டவரின் கணவர் 2010-ல் மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். (தேவையான மொழி தெரிந்த, குடியுரிமை இல்லாதவர்களைச் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது.) ஆப்கானிஸ்தானில் அவர் போன வண்டி சாலையோர வெடிகுண்டில் சிக்கி முகத்தில் அடி. இடது கண் சில நாள் சிவந்து வீங்கியிருந்து சரியாகிவிட்டது, யாரிடமும் காட்டவில்லை. பல வருடம் கழித்து அதே கண்ணில் கிளாக்கோமா (பெரும்பாலும் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும் நோய்) என்றார்கள். தினமும் இரவு சொட்டு மருந்து. கண்ணாடி போட்டால் 20/25 தெரிகிறது. ஆனால் படிக்கும்போது சில சமயம் எழுத்து இரண்டாகத் தெரிகிறது. வி.ஏ.விடம் (அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை) இழப்பீட்டுக்கு முதல்முறை விண்ணப்பித்து, பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. "கண்ணாடி போட்டா தெரியுதே, அங்க போய் என்ன சொல்றது" என்று கணவர் தயங்குகிறார். என்ன செய்வார்கள், எப்படித் தயாராவது என்பது கேள்வி.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வைப் பரிசோதகர்). ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்காகப் பல வருடம் இந்தப் பரிசோதனைகளைச் செய்திருக்கிறேன், இப்போது விட்டுவிட்டேன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், போகாமல் இருந்துவிட வேண்டாம். முதல் விண்ணப்பம் என்றால், பரிசோதனைக்கு வராதவரின் கோப்பில் இருப்பதை மட்டும் வைத்து முடிவு எழுதிவிடுவார்கள். உங்கள் கணவரின் கோப்பில் அந்த நாளைய சிகிச்சைப் பதிவே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் முடிவு என்னவாக இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். ஏற்கெனவே வரும் தொகையை உயர்த்தக் கேட்டவர் வராவிட்டால் இன்னும் மோசம், நேரடியாக மறுப்புதான். உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் போன்ற நியாயமான காரணம் இருந்தால் முன்கூட்டியே அழைத்துத் தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது அந்த 20/25. ஊரில் 6/6, 6/12 என்று மீட்டரில் சொல்லிப் பழகியவர்களுக்கு: 20/20 என்பது 6/6, 20/40 என்பது 6/12, 20/200 என்பது 6/60. கண்ணாடி போட்ட பிறகு தூரத்தில் எவ்வளவு தெரிகிறது என்பதைத்தான் வி.ஏ. கணக்கில் எடுக்கும். இரண்டு கண்ணிலும் 20/40 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் பார்வைக் கூர்மைக்கு 0% (பாதிப்பை வி.ஏ. சதவீதத்தில் மதிப்பிடும், மாதத் தொகை அதைப் பொறுத்தது). அந்த அளவில் உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் எழுத்து அட்டை வாசிப்பது மூன்று அளவுகளில் ஒன்றுதான். பார்வைக் கூர்மை, பார்வைப் புலம் (நேரே பார்த்தபடி சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது), கண் தசைகளின் இயக்கம் என மூன்றையும் விதி தனித்தனியாகக் கேட்கிறது. கிளாக்கோமா அட்டையைக் கடைசியில்தான் தொடும். ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்து, நடுவை மட்டும் வெகுநாள் விட்டுவைக்கும் நோய் அது. 20/20 வாசித்துக்கொண்டே கதவு நிலையில் இடித்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. கிளாக்கோமாவுக்குத் தொடர்ந்து மருந்து தேவைப்பட்டால் குறைந்தபட்சம் 10% என்று மதிப்பீட்டு அட்டவணையிலேயே இருக்கிறது. நோய் ராணுவப் பணியோடு தொடர்புடையது என்று ஏற்கப்பட்டால், அட்டையை என்ன வாசித்தாலும் தினசரிச் சொட்டு மருந்து ஒன்றே அந்தப் பத்தைத் தரும். 2025-ல் 10% என்பது மாதம் 175.51 டாலராக இருந்தது, வரி கிடையாது. அதனால் "தெரியுதே" என்று விட்டுவிட இதில் ஒன்றும் இல்லை.

இந்தப் பரிசோதனை சிகிச்சைக்கானது அல்ல. மருத்துவர் மருந்து எழுத மாட்டார், கிடைக்குமா கிடைக்காதா என்றும் சொல்ல மாட்டார். அவர் ஒரு நீண்ட படிவத்தை நிரப்பி அனுப்புவார். அதை வைத்து வேறு எங்கோ உட்கார்ந்திருக்கும் அதிகாரி முடிவெடுப்பார். கண் பரிசோதனையை உரிமம் பெற்ற ஆப்டோமெட்ரிஸ்டோ கண் மருத்துவரோதான் செய்ய வேண்டும், பொது மருத்துவர் செய்தால் செல்லாது. பார்வை குறைந்திருந்தால் எந்த நோய் அல்லது எந்தக் காயம் காரணம் என்று அவர் எழுதியாக வேண்டும். பாவையை விரித்து விழித்திரையையும் பார்க்க வேண்டும், மருத்துவக் காரணத்தால் கூடாது என்றால் தவிர. இந்த மருத்துவரிடம் வி.ஏ. உண்மையில் இரண்டு கேள்விகள் கேட்கிறது: இது பணியால் வந்ததா? இப்போது எவ்வளவு மோசம்? பெரும்பாலானவர்கள் இரண்டாவதற்கு மட்டும் தயாராகி வருகிறார்கள்.

முதல் கேள்வியில்தான் உங்கள் வழக்கு நிற்கும் அல்லது விழும். குண்டு வெடித்ததற்கும் கண்ணில் அடிபட்டதற்கும் அன்றைய மருத்துவச் சீட்டு இல்லையே என்று கவலை வேண்டாம். போர்க்களத்தில் பட்ட காயத்தைப் பற்றி வீரர் சொல்வது அந்தச் சூழலோடு ஒத்துப்போனால், சீட்டு இல்லாவிட்டாலும் ஏற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அது அடிபட்டதை மட்டும்தான் நிறுவும். அந்த அடிதான் இன்றைய கிளாக்கோமாவுக்குக் காரணம் என்பதை மருத்துவர் ஒருவர் காரணத்தோடு எழுத வேண்டும்.

இங்கே ஒரு மருத்துவ விஷயம் உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம். கண்ணில் பலமான மொட்டை அடி விழுந்தால், கார்னியாவும் ஐரிஸும் சேரும் மூலையில் தசை கிழிந்து பின்னுக்குப் போய்விடும். கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் இடம் அதுதான். கிழிசல் வெளியே தெரியாது, வலிக்காது. ஆனால் வடிகால் மெல்ல அடைபட்டு, பல வருடம் கழித்து, சிலருக்கு இருபது வருடம் கழித்துக்கூட, கண் அழுத்தம் ஏறும். பரம்பரையாகவோ வயதாலோ வரும் சாதாரண கிளாக்கோமா பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும். இளம் வயதில், அடிபட்ட ஒரு கண்ணில் மட்டும் வந்தால் எங்களுக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் எழும். இதைப் பார்க்க வழி கோனியோஸ்கோபி: கண்ணாடி பதித்த சிறு லென்ஸைக் கண்மேல் வைத்து அந்த மூலையைச் சுற்றிப் பார்ப்பது. ஐந்து நிமிட வேலை. வலது கண்ணையும் பார்த்து ஒப்பிட வேண்டும்.

அதனால் பரிசோதனைத் தேதிக்கு முன்பே உங்கள் சொந்தக் கண் மருத்துவரிடம் போய், கோனியோஸ்கோபி செய்தாரா, மூலையில் என்ன கண்டார் என்று கேளுங்கள். கிழிசல் இருந்தால் அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். கடிதத்தில் "இருக்கலாம்", "வாய்ப்பு உண்டு" என்று மட்டும் இருந்தால் பயனில்லை. வி.ஏ. எதிர்பார்க்கும் தராசு: பணியால் வந்திருக்க, வராதிருக்கும் வாய்ப்புக்குக் குறையாத வாய்ப்பு இருக்கிறது என்பது. ஐம்பதுக்கு ஐம்பது வந்தாலே போதும், சந்தேகத்தின் பலன் வீரருக்குத்தான். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் "ஏன்" என்பது இருக்க வேண்டும். மூலையில் கிழிசல், ஒரு கண்ணில் மட்டும் நோய், குடும்பத்தில் யாருக்கும் இல்லை, அடிபட்ட வருடம் இன்னது. இப்படி நாலு வரி, பெரிய மருத்துவமனையின் முத்திரையைவிட எடையுள்ளது. கிழிசல் இல்லை என்று தெரிந்தாலும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. வழக்கை எதன்மேல் நிறுத்துவது என்று அப்போதுதான் யோசிக்க முடியும்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். எவ்வளவு மோசம்?

பார்வைப் புலம். எல்லாருக்கும் இதை அளக்க மாட்டார்கள். புலம் பாதிக்கக்கூடிய நோய் அல்லது காயம் இருந்தால்தான். கிளாக்கோமா அப்படிப்பட்டதுதான். ஆகவே உங்கள் கணவருக்குப் புலப் பரிசோதனை இல்லாமல் அனுப்பினால் அந்தப் பரிசோதனை பாதிதான். இங்கே பலரும் தடுக்கி விழும் ஒரு குழி இருக்கிறது. கிளாக்கோமா கிளினிக்குகளில் வழக்கமாகச் செய்வது ஹம்ஃப்ரி 24-2 என்ற சோதனை. மையத்திலிருந்து 24 டிகிரி வரைதான் அது பார்க்கும், மூக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் கூட. நோயைக் கண்காணிக்க அருமையான சோதனை, வி.ஏ. கணக்குக்குப் போதாது. வி.ஏ. கேட்பது கோல்ட்மேன் முறை: வெளிச்சப் புள்ளி ஒன்று ஓரத்திலிருந்து உள்ளே நகர்ந்து வரும், தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். 22½ டிகிரி இடைவெளியில் குறைந்தது 16 திசைகளில் அளந்து, கோல்ட்மேன் வரைபடத்தில் குறித்து அறிக்கையோடு இணைக்க வேண்டும். தொடக்க காலத்தில் நானே 24-2 தாளை இணைத்து அனுப்பி, போதாது என்று திரும்பி வந்ததும் அந்த வீரரை மறுபடி வரச்சொல்ல நேர்ந்தது. பாவம், மூன்று மணி நேரம் வண்டியோட்டி வந்தவர்.

கணக்கு எளிது. அளந்ததில் எட்டு முதன்மைத் திசைகளை எடுத்து, மீதமுள்ள டிகிரிகளைக் கூட்டி எட்டால் வகுப்பார்கள். குறையில்லாத கண்ணுக்குக் காதுப் பக்கம் 85, மூக்குப் பக்கம் 60, மேலே 45, கீழே 65 என்று போய் எட்டும் சேர்ந்தால் 500. உங்கள் கணவரின் இடது கண்ணில் காதுப் பக்கம் 55, அதன் கீழ்மூலை 55, கீழே 45, மூக்கின் கீழ்மூலை 30, மூக்குப் பக்கம் 20, மூக்கின் மேல்மூலை 15, மேலே 20, காதின் மேல்மூலை 40 என்று வைத்துக்கொள்வோம். கிளாக்கோமா மூக்குப் பக்கத்தை முதலில் தின்னும், அதனால் இந்த வடிவம் இயல்பானதே. கூட்டினால் 280, எட்டால் வகுத்தால் 35. சராசரி 31 முதல் 45 வரை இருந்தால் ஒரு கண்ணுக்கு 10%. 6 முதல் 15 வரை சுருங்கினால் 20%. 5 அல்லது அதற்கும் கீழே போனால் 30%.

30% என்பது உச்சவரம்பு. ஒரு கண் மட்டும் பணியால் பாதிக்கப்பட்டிருந்தால், மற்ற கண் 20/40 என்று வைத்தே கணக்கிடுவார்கள். அந்த ஒரு கண்ணின் பார்வைக் குறைவுக்கு 30%-க்கு மேல் தர மாட்டார்கள், கண்ணையே எடுத்துவிட்டால் மட்டும் 40%. வெளிச்சம் மட்டும் தெரிகிற நிலைக்குப் போனால் அதோடு தனியாக ஒரு சிறப்பு மாதத் தொகையும் உண்டு. ஒரு கண்ணை இழந்தவனுக்கு முப்பதுதானா என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் எதிர்பார்ப்பை இந்த அளவுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. 30% எட்டினால் மனைவி, பிள்ளைகளுக்கென்று கூடுதல் சேரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

2018 மே மாதத்தில் விதி மாறியபோது இன்னொரு பாதை திறந்தது. கடந்த 12 மாதத்தில் கண் சிகிச்சைக்கென்றே எத்தனை முறை மருத்துவரிடம் போக வேண்டி வந்தது என்பதை வைத்தும் மதிப்பிடலாம்: ஒன்றிரண்டு முறைக்கு 10%, மூன்று நான்குக்கு 20%, ஐந்தாறுக்கு 40%, ஏழும் அதற்கு மேலும் 60%. லேசர், கண்ணுக்குள் ஊசி, அறுவை போன்றவை இதில் அடங்கும். பார்வை அளவு, இந்த எண்ணிக்கை இரண்டில் எது கூடுதலோ அதைத் தருவார்கள். அதனால் ஒவ்வொரு வருகையின் பதிவையும் சேர்த்துவையுங்கள். எதற்காகப் போனார் என்பது அதில் எழுதியிருக்க வேண்டும்.

இரட்டைப் பார்வையைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அவர் வாய் திறக்காவிட்டால் அது வெளியே வராது. தூரத்து அட்டையை ஒவ்வொரு கண்ணாக மூடி வாசிக்கும்போது எழுத்து எப்படி இரண்டாகத் தெரியும்? எப்போதாவது வருவது, அல்லது கண்ணாடியால் சரியாவது என்றால் 0%. ஆனால் நடுவில் 20 டிகிரிக்குள், எப்போதும், கண்ணாடியாலும் சரியாகாமல் இருந்தால், அந்தக் கண்ணை 5/200 (ஏறக்குறைய பார்வையே இல்லாத அளவு) என்று கொள்வார்கள். புலக் குறைவும் கூடவே இருந்தால் இரண்டையும் சேர்க்கும் கணக்கு வேறு, அதை அதிகாரி பார்த்துக்கொள்வார். குண்டு வெடிப்பில் சிக்கியவர்களுக்குக் கண்ணில் கீறலே இல்லாமலும் கண்கள் சேர்ந்து உள்நோக்கித் திரும்பும் திறன் குறைந்துபோகும். படித்தால் இரட்டை, வெளிச்சம் பட்டால் கூச்சம், தலைவலி. இது மூளை அதிர்ச்சியின் தடமாக இருக்கலாம். அதற்கு மதிப்பீடு வேறு, மருத்துவர் வேறு. தலைவலியும் கூச்சமும் இருந்தால் கண்ணோடு நிறுத்தாமல் மூளைக் காயத்துக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள்.

அன்றைக்கு எப்படி நடந்துகொள்வது? உள்ளதை உள்ளபடி. "பரவாயில்லை டாக்டர், சமாளிக்கிறேன்" என்பது ராணுவத்தில் பழகிய பதில். இந்த அறையில் அது அவருக்கே எதிராகப் பதிவாகும். மோசமான நாளில் எப்படி இருக்கும் என்று அவர் சொல்ல வேண்டும். மறுபக்கம், தெரிவதைத் தெரியவில்லை என்று நடிக்கவே கூடாது. ஒரு மீட்டரில் அளந்த புலம் இரண்டு மீட்டரில் இரு மடங்கு விரிய வேண்டும், நடிப்பவருக்கு விரியாது. இப்படி எங்களிடம் நாலைந்து சோதனைகள் இருக்கின்றன. ஒருமுறை பொய் என்று எழுதிவிட்டால், உண்மையான குறையையும் யாரும் நம்ப மாட்டார்கள். சிலர் அழுத்தம் ஏறித் தெரியட்டும் என்று இரண்டு வாரம் சொட்டு மருந்தை நிறுத்துவார்கள். தயவுசெய்து வேண்டாம். கண் அழுத்தத்துக்கென்று தனியாகச் சதவீதம் எதுவும் கிடையாது. அந்த இரண்டு வாரத்தில் போகும் நரம்பு திரும்பி வராது.

புலச் சோதனை அலுப்பூட்டும், கண் சொக்கும். களைத்தால் கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தூரக் கண்ணாடி, படிக்கும் கண்ணாடி இரண்டையும், மருந்துப் பட்டியலையும், பழைய 24-2 தாள்களையும் எடுத்துப் போகட்டும். வி.ஏ. கணக்குக்குப் போதாவிட்டாலும் நோயின் நடை அந்தத் தாள்களில் தெரியும்.

நீங்களும் ஒரு வேலை செய்யலாம். 21-10210 என்ற எண்ணுள்ள சாட்சிப் படிவத்தில் நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதிக் கொடுங்கள். "மிகவும் சிரமப்படுகிறார்" என்று எழுதாதீர்கள். டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிறாரா, இடப்பக்கம் வரும் பிள்ளையை இடிக்கிறாரா, இரவில் வண்டி ஓட்டுவதை எந்த வருடம் நிறுத்தினார், ஊர் திரும்பிய புதிதில் கண்ணைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நோயின் பெயரைச் சொல்ல உங்களுக்குத் தகுதி இல்லை, பார்த்ததைச் சொல்ல முழுத் தகுதி இருக்கிறது. அந்தக் காலத்துச் சீட்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இப்படிப்பட்ட சாட்சியைத் தள்ளக் கூடாது என்று 2006-ல் புக்கானன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

முடிவு வந்ததும் அது எதுவாக இருந்தாலும் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கோல்ட்மேன் வரைபடம் இணைந்திருக்கிறதா? இரட்டைப் பார்வை பதிவாகியிருக்கிறதா? தொடர்பில்லை என்று எழுதியிருந்தால் காரணம் என்ன? "பணிக் காலத்தில் சிகிச்சைப் பதிவு இல்லை" என்பது மட்டுமே காரணமென்றால் அது பலவீனமான அறிக்கை. பரிசோதனை ஒன்றை ஏற்பாடு செய்தால் அது முறையாக இருக்க வேண்டியது வி.ஏ.வின் கடமை என்று 2007-ல் பார் வழக்கில் தீர்ப்பு உண்டு. ஒரு வருடத்துக்குள் மறுபரிசீலனை கேட்டால் முதலில் விண்ணப்பித்த தேதி கைவிட்டுப் போகாது. கோப்பிலேயே தவறு இருந்தால் மூத்த அதிகாரியின் மறுபார்வை. புதிதாக மருத்துவர் கடிதம் கிடைத்திருந்தால் துணை விண்ணப்பம். மூத்த அதிகாரி புதிய சான்று எதையும் பார்க்க மாட்டார்.

இதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். முன்னாள் வீரர்களின் அமைப்புகளான டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜன், 1945-ல் பார்வை இழந்த வீரர்களே தொடங்கிய பிளைண்டட் வெட்டரன்ஸ் அசோசியேஷன் ஆகியவற்றின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகச் செய்வார்கள். முதல் விண்ணப்பத்துக்கு வக்கீல்கூடக் கட்டணம் வாங்கக் கூடாது. "நூறு சதவீதம் வாங்கித் தருகிறோம், பங்கு கொடுங்கள்" என்று போனில் வருகிறவர்களை அப்படியே வைத்துவிடச் சொல்லுங்கள்.

இதே கேள்வியோடு வரும் மற்றவர்களுக்கு ஒரு வரி: கிட்டப்பார்வை, நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்து இரண்டுக்கும் இழப்பீடு இல்லை. ஆனால் வியட்நாமில் பணியாற்றியவருக்கு ஏஜென்ட் ஆரஞ்சால் (அந்தப் போரில் தெளித்த களைக்கொல்லி) வந்ததாக ஏற்கப்படும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்து, அதனால் விழித்திரை கெட்டிருந்தால், அது தொடர் பாதிப்பாக ஏற்கப்படும்.

வலது கண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவைக்கிறேன். நாளை வேறு காரணத்தால் அதுவும் கெட்டு, இரண்டு கண்ணும் 20/200 அல்லது அதற்குக் கீழே, அல்லது புலம் 20 டிகிரி அல்லது அதற்குக் கீழே போனால், இரண்டுமே பணியால் கெட்டதுபோலக் கணக்கிடுவார்கள். முன்பு கிட்டத்தட்ட முழுக் குருடானால்தான் அந்தச் சலுகை. 2007 டிசம்பரில் டாக்டர் ஜேம்ஸ் ஆலன் பெயரில் வந்த சட்டம் அந்த வாசலைத் தாழ்த்தியது. இடது கண் இன்று பணியால் வந்ததாக ஏற்கப்பட்டால்தான் அந்த வாசல் அவருக்குத் திறக்கும், அது இன்று வெறும் 10% ஆக இருந்தாலும். அப்புறம், பரிசோதனை அன்று பாவை விரிக்கும் மருந்து போடுவார்கள், சில மணி நேரம் கண் கூசும். திரும்பும்போது வண்டியை நீங்கள் ஓட்டுங்கள்.